அரை நொடிக்கு முன்

…நான் தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை, வலது கையில் போன் இருக்கிறது, இடது கையில் டீக் கோப்பை, மூன்றாவதாக ஒரு கை எனக்குக் கிடையாது, ஆனாலும் மிக்ஸர் பெட்டியில் குரலின் அளவை ஏற்றி இறக்குகிற ஃபேடர் தானாக இறங்குகிறது, தூங்குகிற குழந்தையின் மேல் போர்வையை இழுத்துவிடுவதுபோல மெதுவாக, பக்குவமாக, யாரோ இழுத்து இறக்குகிறார்கள், போனில் இசையமைப்பாளரின், நாங்கள் மஃப்ளர் என்று கூப்பிடுகிறவரின், உதவியாளர் பேசிக்கொண்டே இருக்கிறார், "மேடம், நாலு மணின்னா நாலு மணிதான், அதுக்கப்புறம் வந்ததை சார் கேக்க மாட்டார், மத்த ரெண்டு பேரோடதும் வந்தாச்சு," நான் சரி சரி என்கிறேன், அனுப்பிவிடுகிறேன் என்கிறேன், கண் மட்டும் அந்த ஃபேடரைவிட்டு நகரவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. என் தங்கை பாடுகிறாள். 'யார் சொல்லி விடிந்தது வானம்' என்ற வரி, 'வானம்' என்ற சொல்லில் அவள் மேலே ஏற வேண்டும், ஏறுகிறாள், அவள் ஏற ஏற ஃபேடர் இறங்குகிறது, வரி முடிந்ததும் பழைய இடத்துக்கு வந்து, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல உட்கார்ந்துகொள்கிறது. போனை வைத்தேன். டீயை வைத்தேன். மணி இரண்டு பத்து.

மோட்டார் கோளாறாக இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டிதானே, எட்டு ஃபேடர், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குட்டி மோட்டார், நாம் கையால் ஏற்றி இறக்கினால் கம்ப்யூட்டர் அதை மனப்பாடம் செய்துகொள்ளும், அடுத்த முறை பாட்டை ஓடவிட்டால் நாம் செய்தது அத்தனையையும் அதுவாகவே செய்து காட்டும், ஆட்டோமேஷன் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே தவிர விஷயம் இவ்வளவுதான், கை போன பாதையை ஒரு கோடாக எழுதி வைத்துக்கொள்வது. அப்படியென்றால் இது கோளாறு இல்லை. இது எழுதி வைத்ததைப் படிக்கிறது. யார் எழுதியது? இந்த அறைக்குள் என்னைத் தவிர யார் வந்தார்கள், ஜன்னலில் சாத்திவைத்த மெத்தையும் சுவரில் ஒட்டிய ஸ்பாஞ்சும் வந்து எழுதினவா? ஆனால் நான் ஏன் இதுவரை பார்க்கவில்லை… பார்க்க வழியே இல்லை, ஏனென்றால் தங்கையின் டிராக் ஓடும்போதெல்லாம் என் கை அந்த ஃபேடரின் மேலேயே இருக்கும், கை பட்டால் மோட்டார் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும், போதாக்குறைக்கு நான் கண்ணை வேறு மூடிக்கொள்வேன். காதால் மிக்ஸ் பண்ணு, கண்ணால் பண்ணாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான், திரையில் கோடுகள் வருகிற பகுதியை மடித்தே வைத்திருப்பேன், கோட்டைப் பார்த்து வேலை செய்கிறவன் வரைபடம் வரையப் போகட்டும் என்பேன். எழுதி முடித்த பிறகு 'படி' என்கிற நிலைக்கு மாற்றிவிட வேண்டும், அது தொழிலின் பாலபாடம், நான் மாற்றுவதே இல்லை, 'டச்' என்கிற நிலையிலேயே கிடக்கும், தொட்டால் எழுதும், தொட்டதையெல்லாம் எழுதும், சும்மா ஓய்வுக்கு வைத்த கையைக்கூட விடாமல் எழுதும். சரி, ஒரு வரியில் ஏதோ தெரியாமல் இழுத்திருப்பேன், திறந்து பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது.

திறந்தேன். தங்கையின் டிராக்குக்கு அடியில் மூன்று கோடுகள் விரிந்தன. முதலாவது குரலின் அளவு. இரண்டாவது ரிவெர்ப், அதாவது எதிரொலி, கூடக்கூடக் குரல் பெரிய மண்டபத்தின் கடைசியில் நின்று பாடுவதுபோலத் தள்ளிப்போகும். மூன்றாவது ஃபில்டர், குரலின் மினுமினுப்பைக் குறைக்கிற வடிகட்டி, துணியை வெயிலிலேயே போட்டுவைத்தால் நிறம் மங்குமே, அது மாதிரி. ஃபேடருக்குப் பக்கத்திலேயே இந்த இரண்டுக்கும் குமிழ்கள் இருக்கின்றன, என் கட்டைவிரலும் சுண்டுவிரலும் அங்கேதான் கிடக்கும். பல்லவியில் நான்கு இடத்தில் 'வானம்' வருகிறது. நான்கு இடத்திலும் முதல் கோடு குழி விழுந்திருக்கிறது, இரண்டாவது மேடு கட்டியிருக்கிறது, மூன்றாவது சரிந்திருக்கிறது, மூன்றும் ஒரே நேரத்தில், பேசி வைத்துக்கொண்ட மாதிரி. குறை, தூரத் தள்ளு, மங்கலாக்கு. ஒரு இடம் என்றால் கை தவறியது என்பேன், இரண்டு இடம் என்றால் பழக்கதோஷம் என்பேன், நான்கும், அதற்குப் பிறகு சரணத்தில் ஐந்தும்… எண்ணாதே, எண்ணி என்ன ஆகப்போகிறது, எண்ணினேன்.

இல்லை, பதறாதே, யோசி. உச்சத்துக்கு ஏறும்போது குரல் சத்தமாகும், சத்தமாகிற இடத்தில் கொஞ்சம் இறக்குவது தொழில்தானே, எல்லா இன்ஜினியரும் செய்வதுதானே, இதில் என்ன அதிசயம்? ஆனால் அதற்குத்தான் கம்ப்ரஸர் போட்டு வைத்திருக்கிறாய், பெண்ணே, சத்தம் மீறினால் அதுவே பிடித்து அமுக்கும், அது அமுக்கியதற்கு மேலே நீ ஏன் அமுக்கினாய்? கூட இரண்டு குமிழையும் ஏன் திருகினாய்? காது சொன்னது, கை செய்தது… சரி, காது சொன்னது என்றால் முதலில் காது கேட்க வேண்டும், கேட்டுவிட்டுத்தான் கை நகர வேண்டும், எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் சத்தம் வந்த பிறகு ஒரு கணம் பிந்தித்தான் நகரும், அது இயற்கை. பெரிதாக்கிப் பார்த்தேன். திரையில் மேலே அவளுடைய குரலின் அலை, கீழே என் கோடு. 'வானம்' தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு கிழித்து ஒப்பிட்டேன். என் கோடு அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருக்கிறது. அரை நொடிக்கு முன். அடுத்த இடம், அதே அரை நொடி. அதற்கடுத்தது, கொஞ்சம் அதிகம்கூட. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், ஏறப்போகிறாள் என்று தெரிந்து, காத்திருந்து, கை அவளைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறது. கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்களே, இங்கே கையேதான் களவு.

"சாப்பாடு ஆறுதுடி, உள்ளயே குடித்தனம் நடத்தப் போறியா?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்டாள். வரேன்மா என்றேன், என் கட்டைக் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. வேண்டாம், பழையதைத் திறக்காதே என்று ஒரு மனம் சொன்னது, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா, திறந்தேன். மூன்று பாட்டு, ஒன்றரை வருடத்தில் மூன்று பாட்டு அவளைப் பாடவைத்து, மிக்ஸ் செய்து மஃப்ளருக்கு அனுப்பியிருக்கிறேன், அந்த மனிதர் ஏ.சி. அறையிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பாடுவது கிடையாது, தொண்டையை மட்டும் அப்படிக் காப்பாற்றுவார், ஆனால் இசையமைப்பதில் கில்லாடி, காது கத்தி. மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. குரல் நல்லாதான் இருக்கு, ஆனா முன்னாடி வரமாட்டேங்குது. மூன்று முறையும் நான் தங்கையைக் கட்டிக்கொண்டேன், அவர் கிடக்கிறார் விடு என்றேன், இன்னும் கொஞ்சம் மூச்சைக் கட்டிப் பாடிப் பார் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன், ஐயோ, சொல்லியிருக்கிறேன், அவளும் காலையில் எழுந்து மொட்டை மாடியில் மூச்சுப் பயிற்சி செய்தாள். முதல் பாட்டைத் திறந்தேன், குழி. இரண்டாவது, குழி, மேடு, சரிவு. மூன்றாவதில் பாதிக்கு மேல் பார்க்கவில்லை. வேறு யாருக்காவது இப்படிச் செய்திருக்கிறேனா, என் பாணியே இதுதானோ, அப்படி இருந்தால் நல்லது, கடவுளே அப்படி இருக்கட்டும், மீசைக்காரர் போன மாதம் பாடிவிட்டுப் போன பாட்டைத் திறந்தேன், அவர் உச்சத்துக்கு ஏறும்போது வீட்டுக் கண்ணாடியெல்லாம் அதிரும், அவருடைய டிராக்கில் கோடு கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கிறது. ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் ஏற்றிக்கூட விட்டிருக்கிறேன். யாரோ ஒரு மீசைக்காரருக்கு.

என் காதுக்கு அதெல்லாம் சரியாகவே இருந்தது. அனுப்புவதற்கு முன் வீட்டு ஸ்பீக்கரில், போனில், காரில் என்று எல்லாவற்றிலும் போட்டுக் கேட்பேன், கேட்டுவிட்டு, ஆ, இப்போது சமமாக இருக்கிறது என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்கியிருக்கிறேன். எதற்குச் சமம்? எனக்கு இருபத்திரண்டு வயதில் தொண்டையில் முடிச்சு வந்தது, அறுத்து எடுத்தார்கள், மூன்று மாதம் பேசக்கூடாது என்றார் டாக்டர், கையில் ஒரு சின்னப் பலகையும் பேனாவுமாகத் திரிந்தேன், நான்காவது மாதம் வாயைத் திறந்தபோது இந்தக் கட்டைக் குரல்தான் வந்தது, அதற்கு முன்பு 'வானம்' மாதிரி ஒரு இடத்தைச் சும்மா தாவிப் பிடித்துவிட்டு வருவேன், கீழே விழுவோம் என்ற நினைப்பே இருக்காது. அப்போது இவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த மூன்று மாதமும் இவள் எனக்குக் கேட்கக்கூடாது என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாடுவாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவள் குரல் நெளிந்து நெளிந்து வரும். தண்ணீர் வீணாகிறது என்று அம்மா கத்துவாள், வீட்டில் அவளுக்குக் குழாய் என்றே பெயராகிவிட்டது, இன்றைக்கும் அதுதான். நான்தான் ஒருநாள் கதவைத் தட்டி, பலகையில் எழுதிக் காட்டினேன், 'வெளியே வந்து பாடு' என்று. அம்மா அதைப் பார்த்துவிட்டு அழுதாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள், இவளுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு, வேறு ஒருத்தியாக இருந்தால் வயிறெரிந்து செத்திருப்பாள் என்று. நானும் நம்பிவிட்டேன். பத்து வருடமாக அந்தப் பெரிய மனசைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், பாரம் என்றுகூடத் தோன்றியதில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது ரத்தபாசத்துக்குச் சொன்ன பழமொழி, என் சதை ஆடியிருக்கிறது பார், நன்றாகவே ஆடியிருக்கிறது, கோடு போட்டு வைத்துவிட்டு ஆடியிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அதுவும் பயிரைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்ன வேலி.

பொறாமையா? இல்லை, எனக்கு அவள் என்றால் உயிர், காய்ச்சல் வந்தால் நான்தான் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பேன், அவள் அழுதால் எனக்குச் சோறு இறங்காது… ஆமாம், பொறாமைதான். சொல்லிவிட்டேன். ஸ்பாஞ்சு ஒட்டிய சுவர், வெளியே யாருக்கும் கேட்காது. ஆனால் அப்படி ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டு தப்பித்துவிட முடியாது போலிருக்கிறது, ஏனென்றால் இரண்டாவது சரணத்தில் கோடு ஒரு இடத்தில் மேலே போயிருக்கிறது. இன்றைய பாட்டில்தான், ஒரே ஒரு இடம், நான் நிம்மதியாகக்கூட மூச்சு விட்டேன், பார், உயர்த்தியும் இருக்கிறாய், அப்படி ஒன்றும் மோசமானவள் இல்லை நீ என்று. அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டேன். 'நில்லாமல் நடந்தேன்' என்று ஒரு வரி. 'நடந்தேன்'இல் அவள் குரல் ஒரு துளி பிசிறுகிறது, சுருதியைவிட்டு ஒரு மயிரிழை இறங்கி, அடுத்த கணமே சமாளித்து ஏறிவிடுகிறாள், சாதாரணமாகக் கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. என் கை அங்கே அவளை மேலே தூக்கியிருக்கிறது. எதிரொலியையும் எடுத்துவிட்டு, மினுமினுப்பைக் கூட்டி, எல்லாருக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அழுகை வந்தது, வந்து தொண்டையிலேயே நின்றது, என் தொண்டையில் எதுவும் அதற்கு மேல் ஏறாது.

மணி மூன்று. இந்த முறையும் திரும்பி வந்தால் அவள் பாட்டை விட்டுவிடுகிறாள், அதை நான் மறக்கவில்லை, நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "பல் ஆஸ்பத்திரியில முன்னாடி உக்காந்து பேர் எழுதுற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா, இன்னைக்கு நாளைக்குள்ள பதில் சொல்லணும், நாளைக்கு மஃப்ளர் ஆமான்னா பாட்டு, இல்லன்னா பல்லு, அவ்ளோதான், சத்தியமா," சொல்லிவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன், அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இன்றைக்கு ஐந்து மணிக்கு அவர் பாட்டைக் கேட்பார். அப்படியென்றால் இன்னும் இரண்டு மணி நேரம். சொல்லிவிடலாமா? எப்படிச் சொல்வது? குழாய், மூணு தடவையும் நீ நல்லாதான் பாடின, நான்தான்… நான்தான் என்ன? வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள், எனக்கே நம்பிக்கை இல்லை. வேண்டுமென்று செய்தேன் என்றால் அதுவும் பொய். சொல்லாமல் சரி செய்து அனுப்பிவிட்டால்? அனுப்பினால் எடுத்துக்கொள்வார்கள், நிச்சயம் எடுத்துக்கொள்வார்கள், அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதிப்பாள், உன்னாலதான்க்கா என்பாள், நான் அதையும் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், அந்த மூன்று தோல்வியும் அவளுடையதாகவே அவளிடம் இருந்துவிடும், ஒன்றரை வருடம் மொட்டை மாடியில் மூச்சுக் கட்டியதெல்லாம் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். சொன்னாலும் கொலை, சொல்லாவிட்டாலும் திருட்டு. முதலில் பாட்டை அனுப்பு, மற்றதைப் பிறகு பார், வீடு எரியும்போது யார் வைத்த நெருப்பு என்றா கேட்டுக்கொண்டிருப்பது? மூன்று கோட்டையும் தேர்ந்தெடுத்தேன். அழிக்கவா என்று கேட்டது. நிச்சயமா என்று இன்னொரு முறை கேட்டது, அதற்கு என்ன தெரியும், அது எல்லாரையும் அப்படித்தான் கேட்கும். அழித்தேன். கோடுகள் நேராகின. ஃபேடர் ஒரு சின்ன 'டக்' சத்தத்தோடு மேலே போய் நின்றது. ஓடவிட்டுக் கேட்க வேண்டும், கேட்காமல் எப்படி அனுப்புவது, கேட்க தைரியம் வரவில்லை. என்னென்னவோ செய்தேன், கிட்டாரைச் சரிபார்த்தேன், தபலாவில் ஒரு சின்ன இரைச்சலைத் துடைத்தேன், ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தேன், அப்படியே மூன்றே முக்கால் ஆகிவிட்டது.

கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு அவள் வந்தாள், ஒரு கையில் எனக்கான சாப்பாட்டுத் தட்டு, இன்னொரு கையில் தண்ணீர், வாயில் ஒரு பிஸ்கட். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? அம்மா திட்டுது, இந்தா, இதைத் தின்னுட்டு அப்புறமா செத்துப்போ," என்று தட்டைத் துடைத்த மேஜைமேல் வைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் சின்ன ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் தலைமுடியிலிருந்து ஷாம்பு வாசனை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போவதற்காக எடுத்து வைத்திருந்த நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்திருக்கிறாள், கழற்றவில்லை, காலரில் இன்னும் விலை அட்டை இருந்தது. இப்போதே சொல்லிவிடு. குழாய், ஒரு விஷயம்… "என்னக்கா?" ஒன்றுமில்லை என்றேன். "முடிஞ்சுதா? போடு, கேப்போம், கையெல்லாம் சில்லுன்னு ஆகுது எனக்கு." என் கையைப் பார்த்தேன், வலது கை. அதை எடுத்து என் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், வகுப்பில் கிள்ளிய குழந்தையை டீச்சர் உட்காரவைப்பது மாதிரி, இடது கையால் ஓடவிட்டேன்.

கிட்டார், தபலா, பிறகு அவள். அவள் குரல் இவ்வளவு பக்கத்தில் எனக்குக் கேட்டதே இல்லை, பாடும் அறையில் மைக்குக்கு முன்னால் நின்றபோதுகூட. அவள் உதடு பிரிகிற சத்தம் கேட்டது, மூச்சு உள்ளே போவது கேட்டது. 'யார் சொல்லி விடிந்தது' வந்தது, ஃபேடர் அசையவில்லை, தொடைக்கு அடியில் கை துடித்தது, 'வானம்' என்று அவள் ஏறினாள், யாரும் இழுக்காமல், யாரும் தள்ளி நிறுத்தாமல் ஏறி, அங்கேயே நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அழகாக இருந்தது, தாங்க முடியாத அளவுக்கு அழகாக இருந்தது, நான் இருபத்தொரு வயதில் பாடியதைவிட நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இன்றைக்கு நடந்ததற்கெல்லாம் அர்த்தமே இல்லை. மஃப்ளர் எடுத்துக்கொள்வார், இதை எடுக்காவிட்டால் அவர் காது கத்தியில்லை, மொக்கை.  பின்னால் தங்கை பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றிருந்தது. அழுகிறாளோ என்று நினைத்தேன், இப்போது திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், இதைவிட நல்ல நேரம் வராது, கேட்டாயா, இதுதான் நீ, இத்தனை நாளாக நான்தான் உன்னைக் குழாய்ச் சத்தத்துக்கு அடியில் வைத்திருந்தேன் என்று… இரண்டாவது முறை அந்த வரி வந்தது, 'யார் சொல்லி விடிந்தது'…

"அக்கா," என்றாள் அவள். குரல் சின்னதாக வந்தது. "ரொம்பச் சத்தமா இருக்குல்ல? எனக்கே ஒரு மாதிரி கூச்சமா இருக்கு. யார்ரா இவ, இப்படிக் கத்துறான்னு நினைக்க மாட்டாங்க? அந்த 'வானம்' வர எடத்துல நீ எப்பவும் கொஞ்சம் இறக்குவியே… அது மாதிரி பண்ணேன். எப்பவும் போல." எப்பவும் போல. அவளுக்குத் தெரியும். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தன்னை இறக்குவதைக் காதால் கேட்டு, அக்கா இறக்கினால் இறங்க வேண்டிய குரல்தான் போலிருக்கிறது என்று நம்பி… குளியலறைக் கதவை நான் திறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனே, அவள் வெளியே வந்தாளா? இல்லைடி, இறக்கக் கூடாது, என்று சொல்ல வாயெடுத்தேன், பாட்டை நிறுத்தினேன், திரையைப் பார்த்தேன். நேராக்கி வைத்திருந்த கோடு நேராக இல்லை. நிலையை மாற்றவில்லை, அழித்தேனே ஒழிய 'டச்'சிலேயே விட்டிருக்கிறேன், பாலபாடம், இன்றைக்கும் மறந்துவிட்டேன். கோடு வளைந்து இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் 'அக்கா' என்றது 'விடிந்தது' என்ற சொல்லின்மேல், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கோடு வளைந்திருப்பது 'சொல்லி'யில். அவள் கேட்டதால் இல்லை. அவள் கேட்பதற்கு முன்பே. தொடைக்கு அடியில் கை இல்லை, எப்போது அங்கிருந்து எழுந்து போனது என்று தெரியவில்லை, ஃபேடரின்மேல் நான்கு விரலும் பதிந்து, வீட்டுக்கு வந்துவிட்டது மாதிரி உட்கார்ந்திருந்தது. தங்கை என் தோளின்மேல் மோவாயை வைத்து அதை எட்டிப் பார்த்தாள். "பாத்தியா," என்று சிரித்தாள், பெருமையாக, யாரிடமோ என்னைக் காட்டிக் கொடுப்பதுபோல, "நான் சொல்றதுக்கு முன்னாடியே உன் கைக்குத் தெரியுது." மணி நான்காக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. நான் கையை எடுக்கப் பார்த்தேன், அவள் தன் கையை அதன்மேல் வைத்து, "எடுக்காதக்கா," என்றாள்.